எந்தச் சிவப்பு என்று சொல்லுங்கள்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு மோட்டார் சைக்கிள் டேங்கின் சிவப்பு சரியான சிவப்புதானா என்று சந்தேகம் வந்தால் யாரும் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. நிறம் அளக்கும் கருவியை மேலே வைத்தால் மூன்று எண்கள் வரும். எவ்வளவு வெளுப்பு, பச்சையிலிருந்து சிவப்புப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது, நீலத்திலிருந்து மஞ்சள் பக்கம் எவ்வளவு என்பதே அந்த மூன்றும். 1976ல் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு அது. எண் விலகினால் டேங்க் திரும்பிப் போகும்.

அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட். அங்கேயும் விலையைத் தீர்மானிப்பதில் சிவப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அளவுகோல் மட்டும் வியாபாரியின் கண்.

அந்தக் கண்ணைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு பெட்டியின் மேலடுக்கை ஒதுக்கி இரண்டு காயைப் புரட்டிப் பார்த்ததும், எந்த ஊர் வரை அது தாங்கும் என்று சொல்லிவிடுவார்கள். மண்டியின் நிற அகராதியில் முக்கியமான சொற்கள் மூன்றுதான்: காய், செங்காய், பழம். சென்னைக்கு லாரி ஏற்றுகிறவருக்குச் செங்காய் வேண்டும். சாயங்காலச் சந்தையில் விற்கிறவருக்குப் பழம் வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் விவசாயிகள் நிறையப் பேர். அவர்களிடமும் பாதி பழுத்த காய்க்குத் தனிச் சொல் உண்டு. தெலுங்கில் ‘தோர’, கன்னடத்தில் ‘தோரெகாயி’. மொழி மாறினாலும் வியாபாரம் அந்த நடுப் பதத்தின் மேல்தான் நடக்கிறது.

தகராறும் அங்கேதான். செங்காய் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

அமெரிக்க வேளாண் துறை பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நான்கு படிகளை வைத்திருக்கிறது. தக்காளியின் மேற்பரப்பில் 10 சதவீதத்துக்கு மிகாமல் நிறம் தலைகாட்டினால் முதல் படி. 10க்கு மேல் 30 வரை இரண்டாவது. 30க்கு மேல் 60 வரை மூன்றாவது. 60ஐத் தாண்டி 90 வரை நான்காவது. 90ஐயும் தாண்டினால்தான் சிவப்பு என்ற பெயரே கிடைக்கும். இந்த நான்கு படிகளையும் நாம் ஒரே சொல்லில் செங்காய் என்று அடக்குகிறோம். முதல் படியில் இருக்கும் காய் முழுக்கச் சிவக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். நான்காம் படிக்காரனுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். இரண்டும் ஒரே பெட்டியில் போனால், முதிர்ந்தது விடும் எத்திலீன் வாயு இளையதையும் சேர்த்து விரட்டும். கோயம்பேட்டில் பெட்டியைத் திறப்பவர் “பழமாக வந்திருக்கிறது” என்பார், அனுப்பியவர் “செங்காய்தான் ஏற்றினேன்” என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றபோது இந்த நியாயமெல்லாம் யாரும் பேசவில்லை. வந்தது எல்லாம் போனது. விலை சில ரூபாய்க்கு விழும் நாளில்தான் ‘கலர் சரியில்லை’ என்ற குற்றச்சாட்டு பிறக்கிறது. அளவு இல்லாத இடத்தில் நிறம் ஒரு சாக்கு ஆகிவிடும்.

இது பழுத்த பதத்தின் கதை. ரகத்தின் நிறம் வேறு விஷயம். இரண்டையும் ‘சிவப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் நம் வழக்கம்.

நன்றாகப் பழுத்த ஒரு தக்காளியைக் கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரியுங்கள். அந்தத் தோலை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதில் சிவப்பே இருக்காது. மெல்லிய மஞ்சள் கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும். சிவப்பு முழுவதும் சதையில், லைகோபீன் என்ற நிறமியில் இருக்கிறது. அதன்மேல் மஞ்சள் தோல் போர்த்தியிருப்பதால்தான் நமக்குப் பழகிய, ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்பு கிடைக்கிறது. சில ரகங்களில் தோலில் அந்த மஞ்சள் உருவாவதில்லை. சதை அதேதான்; ஆனால் வெளியே பார்த்தால் ரோஸ் நிறம். ஜப்பானியர்கள் விரும்பி வாங்கும் மொமொதாரோ இந்த வகை. மஞ்சள் சதைக்கு மஞ்சள் தோல் அமைந்தால் பொன் மஞ்சள். நிறமற்ற தோல் அமைந்தால் வெளிறிய எலுமிச்சை. ஆக, தோலையும் சதையையும் தனித்தனியாகச் சொல்லாமல் தக்காளியின் நிறத்தைச் சொல்லவே முடியாது.

ஓசூரிலும் பெங்களூருவிலும் மாடித்தோட்டக்காரர்கள் ஆன்லைனில் வாங்கும் ‘கருப்புத் தக்காளி’ விதைகள் பலவற்றுக்கும் இதே கணக்குதான். பழுக்கும்போது கரைய வேண்டிய பச்சையம் கரையாமல் தங்கிவிட, சிவப்பும் பச்சையும் சேர்ந்து பழுப்பாகத் தெரிகிறது. கருப்பு என்பது விற்பவர் வைத்த பெயர். 1990ல் அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்குத் தபாலில் வந்த ஒரு பழைய ரகத்தின் விதைதான் இன்று ‘செரோக்கி பர்ப்பிள்’ என்று பிரபலம். பெயரில் ஊதா, பழத்தில் மங்கிய ரோஸ். சில ஆண்டுகள் கழித்து அவர் தோட்டத்திலேயே அதில் ஒரு செடி சாக்லேட் பழுப்பில் காய்த்தது. சதையில் மாற்றம் ஏதுமில்லை. நிறமற்ற தோலுக்குப் பதில் மஞ்சள் தோல், அவ்வளவுதான். அதற்கு ‘செரோக்கி சாக்லேட்’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

நம் விவசாயிக்கு இதைவிட அவசரமான இடம் காம்படி. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தோள் என்பார்கள். பேச்சில் தோலோடு குழம்பும், காம்படி என்றே வைத்துக்கொள்வோம். காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் உள்ள ரகங்கள் உண்டு, முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் ரகங்களும் உண்டு. வியாபாரத்துக்கு ஒரே சீராகச் சிவப்பது வசதி என்பதால் பல ஆண்டுகளாக இரண்டாவது வகையைத்தான் விதை உலகம் தேடித் தேடி வளர்த்தது. அப்படிச் சீராகப் பழுக்கவைக்கும் மரபணு மாற்றம், பழத்தில் சர்க்கரை சேர்வதையும் குறைக்கிறது என்று 2012ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அழகுக்காக ருசியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பிகேஎம் 1, பச்சைக் காம்படி உள்ள தட்டையான உருண்டை. கடைகளில் ‘நாட்டு’ என்று விற்பதில் இதுபோன்ற ரகங்கள் உண்டு. (தென் அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கு நாடு எது என்று கேட்டால் ரசம் ஆறிப்போகும்.) அதற்கு எதிரே ‘பெங்களூர் தக்காளி’, ‘ஆப்பிள் தக்காளி’, கோயம்பேடு விலைப்பட்டியலில் ‘நவீன்’ என்று பெயர் பெற்ற கெட்டித் தோல் ஹைப்ரிட்டுகள். இந்தப் பெயர்கள் புளிப்பையும் கெட்டியையும் சொல்கின்றன. நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வெயிலும் இதில் கைவைக்கும். லைகோபீன் நன்றாக உருவாக மிதமான சூடு வேண்டும். 30 டிகிரியைத் தாண்டத் தாண்ட அது தடைப்படும். மஞ்சள், ஆரஞ்சு தரும் கரோட்டின் அவ்வளவாக அசராது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூருக்கு ஏப்ரல், மே வெயில் கொஞ்சம் கருணை காட்டும். கீழே காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தக் கருணை கிடையாது. ஒரே பாக்கெட் விதையை இரண்டு இடத்திலும் போட்டால், கீழ்ப் பக்கத்துப் பழம் ஆரஞ்சாகவும், நேர் வெயில் பட்ட காம்படி மஞ்சளாகவும் நின்றுவிட வாய்ப்பு அதிகம். எத்தனை நாள் வைத்திருந்தாலும் அந்த மஞ்சள் சிவக்காது. இதை ‘பழுக்காத காய்’ என்று கழிப்பவர் பதத்தையும் குறையையும் குழப்புகிறார். ‘போலி விதை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் விவசாயியும் வெயிலின் வேலையை ரகத்தின் மேல் போடுகிறார்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது. காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய பையூர் 1. பூசா ரூபியையும் கோ 3ஐயும் கலந்து மானாவாரிக்காக உருவாக்கியது. தாயின் பெயரில் மாணிக்கம் இருக்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உருவான அர்கா ரக்ஷக்கின் விவரத்தில் ‘அடர் சிவப்பு’ இருக்கிறது. பிகேஎம் 1க்குப் பல்கலைக்கழகக் குறிப்பு சொல்வது ‘கேப்சிகம் ரெட்’. மிளகாய்ச் சிவப்பு என்று தமிழில் சொல்லலாம்தான். குண்டூர் மிளகாயா, குடைமிளகாயா? 1938ல் இங்கிலாந்தில் வெளியான தோட்டக்கலை நிற அட்டை, பூ, பழப் பெயர்களில் நிறங்களுக்குப் பெயர் சூட்டியது. ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நிறத்தையும் அச்சிட்டுக் காட்டியது. நாம் நிறத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

விதைப் பாக்கெட்டில் இருக்கும் படமோ, கடையில் தொங்கும் சிவப்புத் தார்ப்பாயோ உதவாது. சிவப்புத் தார்ப்பாயின் கீழ் செங்காயும் பழமாகத் தெரியும். விடிவதற்கு முன் மண்டி விளக்கில் ஒரு நிறம், எட்டு மணி வெயிலில் வேறு நிறம். ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை பேதம் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தக்காளி ரகத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால், முற்றும் முன் காம்படி பச்சையா இல்லையா, முற்றிய பழம் மஞ்சளா, ஆரஞ்சா, இளஞ்சிவப்பா, சிவப்பா என்று தனித்தனியே சோதித்துக் குறிக்க வேண்டும். கோப்பில் இருக்கும் அந்த விவரம் பாக்கெட்டில் தமிழில் வருவதில்லை. ‘மஞ்சள் தோல், சிவப்புச் சதை, காம்படி பச்சை, கோடையில் மஞ்சள் தங்கலாம்’ என்று ஒரே ஒரு வரி அச்சிட்டால் பாதிச் சண்டை நாற்று விடும் முன்பே தீரும்.

மீதிப் பாதி மண்டியில். பச்சை முதல் சிவப்பு வரை ஆறு தக்காளிகளின் படமும், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்ணும் போட்ட பலகையை ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் பகல் வெளிச்சம் விழும் இடத்தில் மாட்ட வேண்டும். ‘செங்காய் இரண்டு’, ‘செங்காய் நான்கு’ என்று எண்ணோடு பேசப் பழகினால், கோயம்பேட்டில் பெட்டி திறக்கும்போது வாதத்துக்கு ஓர் அடிப்படையாவது இருக்கும். பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் இருக்கட்டும். பெயின்ட் செலவுதான் ஆகும். வேளாண் விற்பனைத் துறை அடுத்த வரத்துக் காலத்துக்கு முன்பே இதைச் செய்யலாம்.