848ஆம் தீர்மானம்: ஸ்டேக்கிங் வெகுமதியை மாற்றிய வாக்கெடுப்பு

காஸ்மாஸ் ஹப் என்ற பிளாக்செயின் 2019 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. அதன் டோக்கனுக்கு ஏட்டம் என்று பெயர். ஆண்டுதோறும் புதிதாக வெளியிடப்படும் ஏட்டத்தின் உச்சவரம்பு, இருப்பில் உள்ளதில் 20 சதவீதம் என்று அதன் விதி சொன்னது. அந்த உச்சவரம்பை 10 சதவீதமாகக் குறைக்கலாமா என்று 2023 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 848ஆம் எண் தீர்மானம் என்று அறியப்படும் அது மாற்றக் கேட்டது ஒரே ஓர் எண்ணைத்தான். ஆனால் அந்த எண்ணைத் தொட்டால் வலையமைப்பில் பங்குள்ள ஒவ்வொருவரின் வரவும் மாறும்.

காஸ்மாஸில் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பு, 2023 நிலவரப்படி, சுமார் 180 சரிபார்ப்பாளர்களிடம் இருந்தது. இவர்கள் நேர்மையாக நடப்பதற்குப் பிணை வேண்டும். ஏட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் டோக்கன்களை விருப்பமான சரிபார்ப்பாளரின் பெயரில் முடக்கி வைக்கிறார்கள். ஸ்டேக்கிங் என்பது இதுதான். ஒரே இடத்தில் முரணான இரு பதிவுகளுக்குக் கையொப்பமிட்டு ஏமாற்றும் சரிபார்ப்பாளர் பிடிபட்டால், அவர் பெயரில் முடங்கியிருக்கும் டோக்கன்களில் 5 சதவீதம் அழிக்கப்படும். நம்பி முடக்கியவர்களும் அந்த இழப்பில் பங்கேற்க வேண்டும். முடக்கியதைத் திரும்ப எடுக்க 21 நாள் காத்திருக்க வேண்டும். இந்த ஆபத்துக்கும் காத்திருப்புக்கும் ஈடாகத் தரப்படுவதே ஸ்டேக்கிங் வெகுமதி.

வெகுமதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, புதிதாக உருவாக்கப்படும் டோக்கன்களிலிருந்து. பரிவர்த்தனைக் கட்டணத்தின் பங்கு சொற்பம். எவ்வளவு உருவாக்குவது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. மொத்த ஏட்டத்தில் 67 சதவீதம் முடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்குக் குறைந்தால் வெளியீட்டு விகிதம் மெல்ல ஏறி, முடக்குவதற்கு ஆசை காட்டும், கூடினால் இறங்கும். அப்போது ஏற்றத்தின் எல்லை 20 சதவீதமாகவும் இறக்கத்தின் எல்லை 7 ஆகவும் இருந்தன. வாக்கெடுப்பின்போது விகிதம் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நின்றது. முடக்கியவர்களுக்கு ஆண்டுக்கு 19 சதவீதம் வெகுமதி என்று காட்டப்பட்டது.

இந்த 19 சதவீதத்தை வங்கி வட்டிபோல் எண்ணுவது பெரும் தவறு. மொத்தம் 100 ஏட்டம் இருப்பதாகவும் அதில் 67 முடங்கியிருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஓராண்டில் 14 புதிதாக வருகின்றன. அதில் பத்திலொரு பங்கு, அதாவது 1.4, பொது நிதிக்குப் போகிறது. மீதி 12.6 முடக்கியவர்களுக்கு. 67க்கு 12.6 என்றால் ஏறக்குறைய 19 சதவீதம். ஆனால் மொத்தமும் 114 ஆகிவிட்டதே! முடக்கியவர்களின் கூட்டுப் பங்கு 67 சதவீதத்திலிருந்து 69.8க்குத்தான் உயர்கிறது. உண்மையான ஏற்றம் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முடக்காதவர்களின் 33 சதவீதமோ 28.9 ஆகச் சுருங்குகிறது. வெகுமதியின் பெரும்பகுதி வெறும் பெயரளவிலானது, உண்மையான ஏற்றம் முடக்காதவர்களின் பங்கு கரைவதிலிருந்து வருவதுதான்.

இதே கணக்கை 10 சதவீத வெளியீட்டுக்குப் போட்டால், காட்டப்படும் வெகுமதி 13.4 சதவீதமாக இறங்குகிறது. முடக்கியவர்களின் பங்கு 69.1 சதவீதமாகவும் முடக்காதவர்களின் பங்கு 30 ஆகவும் நிற்கிறது. பெயரளவில் பெரிய வெட்டு. உண்மைப் பங்கில் சிறிய வெட்டு. வெகுமதி மாற்றம் எதையும் மதிப்பிட முதலில் போட வேண்டிய கணக்கு இதுவே. அதைப் போடாமல் விளம்பரச் சதவீதத்தை மட்டும் வைத்து வாதிடுவது இத்துறையில் மிகச் சாதாரணமாகிவிட்டது.

தீர்மானத்தை ஆதரித்தவர்கள், பாதுகாப்புக்குத் தேவைக்கு மேல் விலை கொடுக்கப்படுகிறது என்றார்கள். சும்மா முடக்கி வைத்தாலே 19 சதவீதம் கிடைக்கும்போது ஏட்டத்தை வேறு பயன்பாட்டுக்கு யார் கொண்டுவருவார்கள் என்றும் கேட்டார்கள். எதிர்த்தவர்களின் கவலை சிறிய சரிபார்ப்பாளர்களைப் பற்றியது. இவர்களின் வருமானம் வெகுமதியிலிருந்து பிடிக்கும் கமிஷன். மேற்கண்ட கணக்கில், பொது நிதி போக, வெகுமதி 12.6 ஏட்டத்திலிருந்து 9ஆகக் குறைந்தால் கமிஷனும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கணினிச் செலவோ குறையாது. காஸ்மாஸ் நிறுவனர்களில் ஒருவரான ஜே குவான் கடுமையாக எதிர்த்தார். ஏட்டம் பணமாகப் புழங்க வேண்டியதல்ல, முடங்கியிருந்து பாதுகாப்புத் தர வேண்டியது என்பது அவர் நிலைப்பாடு. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 10 சதவீதம்தான் சரியான எண் என்பதற்கு வலுவான கணிப்பு மாதிரி எதுவும் முன்வைக்கப்படாமல் இவ்வளவு பெரிய மாற்றம் வாக்கெடுப்புக்கு வந்ததே உண்மையான குறை.

இந்தத் தீர்மானத்துக்கு வாக்களிக்க 14 நாள் அவகாசம் இருந்தது. முடக்கிய ஒவ்வொரு ஏட்டத்துக்கும் ஒரு வாக்கு. ஒருவர் தாமாக வாக்களிக்காவிட்டால் அவர் வாக்கு, அவர் தேர்ந்தெடுத்த சரிபார்ப்பாளரின் வாக்கோடு போகும். தாமே வாக்களித்தால் அதுவே செல்லும். ஆம், இல்லை, நடுநிலை, வீட்டோவுடன் இல்லை என நான்கு தெரிவுகள் உண்டு. முடங்கியதில் 40 சதவீதமாவது வாக்களிக்க வேண்டும். நடுநிலையை நீக்கிய பின் ஆம் பாதியைத் தாண்ட வேண்டும். வீட்டோ மூன்றிலொரு பங்கை மீறக் கூடாது. வருமானம் குறையப்போகிற சரிபார்ப்பாளர்களே, வாக்களிக்காத பலரின் வாக்குகளையும் கையில் வைத்திருப்பது இந்த ஏற்பாட்டில் உள்ள வெளிப்படையான நல முரண். கிரிப்டோ சந்தை நிறுவனங்கள் வழியாக முடக்கியவர்களின் நிலை இன்னும் மோசம். சாவி நிறுவனத்திடம் இருப்பதால் அவர்களால் தனியாக வாக்களிக்கவே முடியாது.

ஆதரவு 41.1 சதவீதம், இருவகை எதிர்ப்பும் சேர்த்து 38.5 சதவீதம், மீதி நடுநிலை என்று முடிவு வந்தது. நடுநிலையை நீக்கினால் ஆதரவு 51.6 சதவீதம். தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது.

2025 மார்ச்சில் சொலானா வலையமைப்பும் இதே போன்ற கேள்வியைச் சந்தித்தது. முடங்கிய அளவுக்கேற்ப வெளியீட்டைக் குறைக்கும் 228ஆம் எண் முன்மொழிவுக்கு, ஆம், இல்லை வாக்குகளில் ஏறத்தாழ 61 சதவீதம் ஆதரவு கிடைத்தும் அது தோற்றது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு தேவை. வாக்களித்தவர்களும் சரிபார்ப்பாளர்கள் மட்டுமே. இரண்டு வலையமைப்புகளும் பெரும்பான்மை விதியை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு முடிவுகளும் தலைகீழாகியிருக்கும். எல்லாருடைய இருப்பையும் தொடும் மாற்றத்துக்கு வெறும் பாதியைத் தாண்டினால் போதும் என்ற காஸ்மாஸ் விதியைவிட, மூன்றில் இரண்டு பங்கு கேட்கும் விதியே பொருத்தமானது.

848ஆம் தீர்மானத்தின் பிளவு வாக்கெடுப்போடு ஆறவில்லை. ஜே குவான் தனி பிளாக்செயின் தொடங்கப்போவதாக அறிவித்தார். ஏட்டம்ஒன் என்ற பெயரில் அது 2024இல் இயங்கத் தொடங்கியது. 848இல் எப்படி வாக்களித்தார்கள் என்பதைக் கணக்கில் கொண்டே அதன் டோக்கன்கள் பங்கிடப்பட்டன. குறைப்பை எதிர்த்தவர்களுக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது.