'இருட்டுக்கடை' பெயர் யாருக்குச் சொந்தம்? உச்ச நீதிமன்றம் வரை போன அல்வா வழக்கு!

திருநெல்வேலிக்குப் போய்வரும் யாரிடமும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அல்வா எங்கே?" என்பதுதான். அதிலும் நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் திறந்து மங்கலான வெளிச்சத்தில் வியாபாரம் நடந்த அந்தக் கடைக்குத் தனி மவுசு. 'இருட்டுக்கடை' என்பது மக்களே வைத்த பெயர்.

அந்தப் பெயருக்கும் வந்தது சிக்கல். இன்னொரு வியாபாரி முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து, 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்கத் தொடங்கினார். பழைய கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "என்னிடமும் டிரேட்மார்க் பதிவு இருக்கிறதே" என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் வந்த தீர்ப்பு, பழைய கடையின் பக்கம் நின்றது. ஒரு பெயரை முதலில் பயன்படுத்தி நல்ல பெயர் சம்பாதித்தவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு செய்தவரின் உரிமையைவிட மேலானது என்றது நீதிமன்றம்.

அப்படியென்றால் பதிவே வேண்டாமா?

அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பதிவு இல்லாவிட்டால், 'இந்தப் பெயர் என்னுடையதுதான்' என்பதை பழைய பில், விளம்பரம், கணக்குப் புத்தகம் என ஒவ்வொன்றாகக் காட்டி நிரூபிக்க வேண்டும். நூறு ஆண்டு கடைக்கு ஊரே சாட்சி. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து இட்லிப் பொடி விற்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு யார் சாட்சி? பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால், அதுவே முதல் ஆதாரம்.

உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஜிஎஸ்டி எண்ணும் வாங்கியாச்சு, பெயர் நமக்குத்தான் என்று நினைக்காதீர்கள். அவை தொழில் நடத்துவதற்கு. பெயருக்குப் பாதுகாப்பு தருவது 1999-ம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம்தான்.

என்ன செய்யணும்?

* முதலில், டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ, காதில் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

* பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இனிப்பு, மசாலாப் பொடி 30-ம் வகுப்பு, ஊறுகாய் 29, துணிமணி 25, ஹோட்டல் 43.

* தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சென்னையிலும் பதிவக அலுவலகம் இருக்கிறது.

* விண்ணப்பம் ஏற்கப்பட்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். 4 மாதங்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம்.

* பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

விண்ணப்பிக்கும் முன்பே 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துக் குறியைப் பதிவு முடிந்த பிறகே போட வேண்டும். முன்கூட்டியே போடுவது சட்டப்படி தவறு.

இன்னொரு விஷயம். 'சுவையான முறுக்கு', 'சுத்தமான நெய்' என்று பொருளின் தன்மையைச் சொல்லும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். அந்த வார்த்தைகள் எல்லோருக்கும் பொது. பாட்டியின் செல்லப் பெயரோ, வீட்டு வாசல் மரத்தின் பெயரோ, உங்கள் பொருளோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு பெயராகப் பாருங்கள்.

ருசி நம் கைப்பக்குவம். அந்த ருசியைத் தேடி வருகிறவர், வேறொருவர் கடையில் போய் ஏமாறாமல் இருக்கப் பெயரும் நம் கையில் இருக்கணும், இல்லையா?