அப்பாவுக்கு பிபி இருந்தால் எனக்கும் வருமா?

வாய்ப்பு கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் வேறுபடுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் மரபணுக்களால் வருகிறது என்று இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்து நடந்த ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. மீதியில் உப்பு, உடல் எடை, மது, உடலுழைப்பில்லாத வாழ்க்கை என்று பலவும் அடக்கம்.

அந்த மரபணு ஒன்றா, பலவா? 1950களில் பிரிட்டனில் இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றிக் கடுமையாக வாதாடினார்கள். ஒரே மரபணுதான் என்றார் ராபர்ட் பிளாட். ஜார்ஜ் பிக்கரிங் அதை ஏற்கவில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகின்றன, நோயாளிக்கும் மற்றவருக்கும் நடுவே இயற்கை கோடு எதையும் போடவில்லை என்றார். பெரும்பாலானோர் விஷயத்தில் பிக்கரிங் சொன்னதுதான் சரி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை அலசி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதோடு, ரத்த அழுத்தத்துடன் தொடர்புடைய மரபணு இடங்களின் எண்ணிக்கை 901 ஆனது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக்கூட அழுத்தத்தை உயர்த்துவதில்லை.

ஆனாலும் ஒரே ஒரு மரபணுப் பிழையால் சிறு வயதிலேயே பிபி எகிறும் குடும்பங்கள் உண்டு. 1963இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் அப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். 16 வயதுப் பெண்ணுக்கு உயர் ரத்த அழுத்தம். ரத்தத்தில் பொட்டாசியமும் குறைவு. உடன்பிறந்தவர்களுக்கும் அதே தொல்லை. உடலில் உப்பைத் தக்கவைக்கும் அல்டோஸ்டீரான் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் பொதுவாக இப்படி ஆகும். அந்தப் பெண்ணுக்கோ அது மிகக் குறைவாகவே சுரந்தது. அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை பலன் தரவில்லை. உப்பைக் குறைத்து, ட்ரையாம்டெரீன் கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது.

காரணம் 1994இல் தெரிந்தது. சிறுநீராகப் போகவிருக்கும் நீரிலிருந்து உப்பின் சோடியத்தை மீட்டெடுக்க, சிறுநீரகச் செல்களின் மேற்பரப்பில் நுண்ணிய வழிகள் இருக்கின்றன. வேலை முடிந்த வழிகளைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். எதை இழுக்க வேண்டும் என்று காட்டும் அடையாளம் அந்தப் புரதத்தின் வால்பகுதியில் இருக்கிறது. மரபணுப் பிழையால் அந்த வால் இல்லாமல் போகிறது. வழிகள் மேற்பரப்பிலேயே தேங்கி, சோடியம் ஓயாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதோடு நீரும் சேர்கிறது. ட்ரையாம்டெரீனும், இன்று அதிகம் தரப்படும் அமிலோரைடும் அந்த வழியையே நேராக அடைக்கின்றன. அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் அழுத்தம் சீரானது. கோளாறு எந்த உறுப்பில் இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இதுவரை தெரிந்த ஒற்றை மரபணு வகைகளில் பெரும்பாலானவை, சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு செய்கின்றன. ஒரு வகைக்கு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, இன்னொன்றுக்குத் தயசைடு மாத்திரை என்று வகைக்கு ஏற்ற மருந்தும் உண்டு. அதனால்தான் இந்த அரிய வகைகளைத் தவறவிடக்கூடாது என்கிறேன்.

முப்பது வயதுக்குள் பிபி, மூன்று மருந்து சாப்பிட்டும் அடங்காத பிபி, காரணம் புரியாமல் குறையும் பொட்டாசியம், இள வயதிலேயே பக்கவாதம் வந்த உறவினர்கள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி, ரெனின், அல்டோஸ்டீரான் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பிபி பார்ப்பதும், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்துவதும் பரம்பரையில் பிபி உள்ளவர்களுக்கும் பலன் தரும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் யாருக்கு எந்த வயதில் பிபி வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.