காற்றைப் பார்த்து அடி

கோல்ஃப் ஒரு பந்து விளையாட்டு. அகன்ற புல்வெளியில் சிறிய பந்தை வைப்பார்கள். நீண்ட மட்டையால் அடிப்பார்கள். தூரத்தில் ஒரு குழி இருக்கும். குழியில் ஒரு கொடி நட்டிருக்கும். பந்து அந்தக் குழியில் விழ வேண்டும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். ஏறக்குறைய அரைச் சாண். முழு ஆட்டத்தில் 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார்.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1829-இல் வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் தொடங்கினார்கள். இன்று நம் நாட்டுப் பெண்களும் இதில் சிறந்து விளங்குகிறார்கள். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் போனால் பெங்களூரு வரும். அந்த ஊரைச் சேர்ந்தவர் அதிதி அசோக். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் கோல்ஃப் ஆட்டத்தில் நான்காம் இடம் பெற்றார்.

ஆனால் கோல்ஃப் செலவு மிகுந்த ஆட்டம். பெரிய நிலம் வேண்டும். புல் வாடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மட்டைகளின் விலையும் அதிகம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது எட்டாது.

செல்போனில் கோல்ஃப்

செல்போன் வந்த பிறகு நிலைமை மாறியது. மட்டை இல்லாமல், மைதானம் இல்லாமல், விரலால் கோல்ஃப் ஆடலாம். இப்படிப்பட்ட ஆட்டங்களுள் ஒன்று 'கோல்ஃப் கிளாஷ்'. இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்று இதை 2017-இல் வெளியிட்டது. இணையம் வழியாக இருவர் மோதுவார்கள். ஒருவர் திருப்பதியில் இருக்கலாம். மற்றவர் கடல் கடந்த நாட்டில் இருக்கலாம்.

விளையாடத் தொடங்குவது எளிது. நன்றாக விளையாடுவது எளிதல்ல. அதற்கு நான்கு பாடங்கள் உண்டு.

முதல் பாடம்: ஊசி

பந்தை விரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வேகம். அப்போது திரையில் ஓர் ஊசி இடமும் வலமும் ஆடும். ஊசி நடுவில் வரும்போது விரலை எடுக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பந்து பக்கவாட்டில் போய்விடும். அவசரம் கூடாது. ஊசி ஒரு முறை ஆடி வருவதைப் பார்த்துவிட்டு விரலை எடுப்பது நல்லது.

இரண்டாம் பாடம்: காற்று

களத்தில் நெல் தூற்றுகிறவர் முதலில் என்ன செய்வார்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். இந்த ஆட்டத்திலும் அப்படித்தான். திரையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காற்றின் திசை. பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது காற்றின் வேகம்.

பந்து விழ வேண்டிய இடத்தை ஒரு வட்டம் காட்டும். அந்த வட்டத்தைக் காற்றுக்கு எதிர்ப் பக்கமாக நகர்த்த வேண்டும். காற்று இடமிருந்து வலமாக வீசினால் வட்டத்தை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். காற்று எதிரே வீசினால் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பின்னாலிருந்து வீசினால் சற்று முன்னதாக வைக்க வேண்டும். எண் கூடினால் நகர்த்தும் அளவும் கூட வேண்டும்.

தோற்பவர்களில் பலர் இந்த எண்ணைப் பார்க்காமல் அடிப்பவர்கள்தான்.

மூன்றாம் பாடம்: மட்டையும் தரையும்

மட்டையில் பல வகை உண்டு. ஒன்று நெடுந்தூரம் அடிக்கும். ஒன்று குறைந்த தூரம் அடிக்கும். மணலில் விழுந்த பந்துக்கு ஒரு மட்டை. அடர்ந்த புல்லில் சிக்கிய பந்துக்கு வேறு மட்டை. தூரமாக அடிக்கும் மட்டையே சிறந்தது என்று நினைக்கக் கூடாது. பந்து மணலில் விழுந்தால் அடுத்த அடி கடினமாகும். பந்து விழுந்த பிறகு துள்ளி உருளும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காம் பாடம்: நோட்டு

எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையில் ஒரு பலம் இருக்கிறது. ஒவ்வோர் அடியையும் நோட்டில் குறித்து வைக்கலாம். காற்றின் எண் எவ்வளவு? வட்டத்தை எவ்வளவு நகர்த்தினோம்? பந்து எங்கே விழுந்தது? இந்த மூன்றையும் எழுதினால் போதும். பத்து நாள் கழித்துப் படித்தால் தவறு தானாகத் தெரியும். அதைத் திருத்தினால் கை தேறும்.

காசு கேட்கும் இடம்

இந்த ஆட்டத்தில் நாணயங்கள் உண்டு. அவை திரையில் மட்டும் உள்ள நாணயங்கள். கடையில் செல்லாது. வென்றாலும் வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது. ஆனால் நல்ல பந்தும் ரத்தினக் கற்களும் வேண்டும் என்றால் உண்மையான பணம் கேட்கும். தோற்றவுடன் "வாங்கு" என்ற பொத்தான் கண்ணைப் பறிக்கும். கோபத்தில் அதை அழுத்துகிறவர்கள் உண்டு. விலை கொடுத்து நல்ல பந்து வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியாது.

இதைவிட ஆபத்தான ஆட்டங்களும் உண்டு. பணம் கட்டி ஆடு, பணம் வெல்லலாம் என்று அவை அழைக்கும். "இது சூதாட்டம் அல்ல, திறமை ஆட்டம்" என்றும் சொல்லும்.

இந்தத் 'திறமை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. அது ஆந்திரப் பிரதேசத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. 1967-இல் தீர்ப்பு வந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது. பிற்காலத்தில் இணையத்தில் ரம்மி நடத்திய நிறுவனங்கள் இதைக் காட்டித் தொழில் செய்தன. பலர் சம்பளத்தை இழந்தார்கள். கடன் வாங்கியும் ஆடினார்கள்.

2020-இல் ஆந்திர அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டத்தை நடத்துவது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பணம் வைக்காமல் பொழுதுபோக்காக ஆடுவதற்குத் தடை இல்லை.

இணையத்தில் யாராவது ஏமாற்றிப் பணம் பறித்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதம் செய்தால் பணம் கைமாறிவிடும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

வேலை முடிந்த பிறகு சிறிது நேரம் விளையாடுவது மனதுக்கு இதம் தரும். நேரத்துக்கு ஓர் அளவு வைக்க வேண்டும். பணத்துக்கு ஒரு வேலி போட வேண்டும். காற்றைப் பார்த்து அடிப்பவர் ஆட்டத்தில் தேறுவார். காசைப் பார்த்து நடப்பவர் வீட்டைக் காப்பார். இரண்டும் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர்.

பேசிப் பார்ப்போம்

1. காற்று வலமிருந்து இடமாக வீசினால் வட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

2. "திறமை ஆட்டம்" என்று சொல்லிப் பணம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்?

3. உங்கள் வீட்டில் யார், எவ்வளவு நேரம் செல்போனில் விளையாடுகிறார்கள்? எழுதிப் பாருங்கள்.