கடாரத்து மணிகள், தோட்டத்துக் கைகள்

மெர்போக்கில், குனோங் ஜெராய் அடிவாரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கெடாவில் வளர்ந்த நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவாகவாவது போயிருப்போம். புக்கிட் பத்து பஹாட் சண்டியின் படிகளில் வரிசையாக நின்று படம் எடுத்திருப்போம். ராஜேந்திர சோழன், கடாரம், 1025 என்று ஆசிரியர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியிருப்போம். கோயில் அடித்தளமும் கல் பீடங்களும் கண்ணில் நின்றுவிடும். இதே பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து கிடைத்த இன்னொரு பொருளைப் பலரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது மணி. கொத்தமல்லி விதை அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் இருக்கும் கண்ணாடி மணிகள்: செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு.

கோயிலைக் கட்டுவித்தவன் அரசனாகவோ பெரும் வணிகனாகவோ இருக்கலாம். மணியைச் செய்தவர் உலைக்களத்துத் தொழிலாளி. அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் சாதாரணப் பெண்ணாகவும் இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்த மணிகள்தான் நெருங்கிய சொந்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரிக்கமேடு முதல் சுங்கை மாஸ் வரை

பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி வழியாகக் கோத்தா கோலா மூடா பக்கம் போனால் சுங்கை மாஸ் என்ற கிராமம் வரும். வீடுகளும் தென்னையுமாக இருக்கும் அந்த இடம், முதலாம் ஆயிரத்தின் பிற்பகுதியில் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். அங்கே தோண்டியபோது மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும், தொழிலில் மிஞ்சிய கழிவும் கிடைத்தன. விற்க வந்த சரக்கு மட்டும் என்றால் கழிவு இருக்காது. ஆகவே, மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பது ஆய்வாளர்களின் முடிவு. பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் இதே வேலை நடந்திருக்கிறது.

இவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்காசியா வரை இவை கிடைப்பதால் அந்தப் பெயர். இவற்றின் பழைய தொழிற்கூடங்களில் முதன்மையாகச் சொல்லப்படுவது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அதே ஊர். இலங்கையின் மாந்தை, தென் தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ, நம் சுங்கை மாஸ் என்று இந்தத் தொழில் கடலோரமாகவே பரவியிருக்கிறது. சரக்கு மட்டுமல்ல, தொழில் தெரிந்த கைகளும் கப்பலேறியிருக்க வேண்டும்.

அந்தக் கைவேலை இன்னும் முழுதாக மறையவில்லை. ஆந்திராவில், காளஹஸ்திப் பக்கம் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதைச் செய்யும் முறையைப் பிரான்சிஸ் நேரில் பார்த்துப் பதிவு செய்தார். உருகிய கண்ணாடியை நீளமான இரும்புக் குழாயின் நுனியில் பெரிய உருண்டையாகத் திரட்டுவார்கள். அதன் நடுவே காற்றுப் போக வழி வைத்து, உலைக்குள் வைத்தபடியே மறுபக்கத்திலிருந்து கண்ணாடியைக் கொக்கியால் இழுப்பார்கள். அது மெல்லிய குழல் குழலாக நீண்டு வரும். குளிர்ந்ததும் குழல்களைச் சிறு சிறு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டின் ஓரம் கையை வெட்டும். அதனால் சாம்பலோடு கலந்து மறுபடியும் சூடுகாட்டிக் கிளறுவார்கள். ஓரம் மழுங்கி மணி உருளும். ஓட்டைக்குள் சாம்பல் இருப்பதால் அடைந்துபோகாது. அருங்காட்சியகத்தில் நாம் தாண்டிப்போகும் ஒரு மணிக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

மளிகைக்கடை மணி

அந்தத் துறைமுகம் மறைந்து, பல நூறு ஆண்டுகள் கழித்து, அதே கெடா மண்ணுக்கு நம்மவர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை கையில் பால் கத்தி. பீடோங், செமிலிங், சுங்கைப்பட்டாணி சுற்றுவட்டாரம் முழுக்கக் கித்தாத் தோட்டங்கள். லயம், பெரட்டுக் களம், தமிழ்ப்பள்ளி, கோயில். காலை இருட்டில் தொடங்கும் வேலை, பாலை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் முடியும்.

பிற்பகலில் லயத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்து செய்த கைவேலையை என் வயதுக்காரர்கள் கடைசித் தலைமுறையாகப் பார்த்திருப்போம். மளிகைக்கடையில் பொட்டலமாக வாங்கிய பிளாஸ்டிக் மணி. மீன் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பு. அதை வைத்துக் கிளி கோப்பார்கள், வாத்து கோப்பார்கள், சாவிக்கொத்துக்குத் தொங்கல் கோப்பார்கள். சாமி அறை நிலைக்கு நிலைமாலை, கதவுக்கு மணித்திரை. கொஞ்சம் பொறுமைசாலிகள் கைப்பையே கோத்துவிடுவார்கள்.

என் பாட்டி நிலைமாலை கோப்பார். படிப்பு கிடையாது, ஆனால் கணக்கு தவறாது. நான்கு மணி, ஒரு முடிச்சு, இரண்டு மணி தள்ளி ஊசியைத் திருப்ப வேண்டும். "எண்ணிப் பாக்காதடா, வெரலுக்கே தெரியும்" என்பார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கினால் வேகம் கூடும். பந்தலுக்கு யார் வீட்டுத் தோரணம், காவடியில் தொங்கும் மணிச்சரம் யார் கோத்தது என்று உறுமிச் சத்தத்துக்கு நடுவிலும் பெண்கள் பேசிக்கொள்வார்கள். கோத்தது வீட்டுக்குள் கிடந்தால் யாருக்கும் தெரியாது. திருவிழாவில்தான் அது பார்வைக்கு வரும். அடுத்த ஆண்டு அதைவிட நன்றாகக் கோக்க வேண்டும் என்று இன்னொருத்திக்கு ஆசையும் அங்கேதான் வரும்.

இதைப் பாரம்பரியம் என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மணி, அதுவும் வெளிநாட்டுச் சரக்கு, இதில் என்ன பாரம்பரியம் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறது.

ஓஜிப்வே மக்களின் மணிவிதை

வட அமெரிக்காவில் பெரிய ஏரிகளைச் சுற்றி, இன்றைய மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ பகுதிகளில் வாழும் பூர்வகுடியினர் ஓஜிப்வே மக்கள். அவர்களின் மணிவேலை உலகப் புகழ் பெற்றது. காட்டில் பூக்கும் பூவும் இலையும் கொடியுமாக, தோலிலும் துணியிலும் ஆயிரக்கணக்கான சிறு மணிகளை வைத்துத் தைப்பார்கள். தோளில் குறுக்காக மாட்டும் அகலமான மணிப்பைகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அந்தக் கண்ணாடி மணிகளை அவர்கள் செய்யவில்லை. முள்ளம்பன்றியின் முள்ளுக்குச் சாயமேற்றித் தைப்பதும் எலும்பு, சிப்பி மணிகளும்தான் அவர்களின் பழைய வழக்கம். கண்ணாடி மணி ஐரோப்பிய வியாபாரிகளோடு வந்தது. இத்தாலியின் வெனிஸிலும் பொஹீமியாவிலும் செய்த மணியை, விலங்குத் தோலுக்கு மாற்றாகக் கொடுத்தார்கள். வந்த சரக்கை வாங்கி, தங்கள் காட்டுப் பூக்களை அதில் வரைந்து, தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள் ஓஜிப்வே பெண்கள். அவர்கள் மொழியில் மணிக்கான சொல்லுக்கு 'ஆவியின் சிறு விதை' என்பது போன்ற பொருள் சொல்கிறார்கள். நமக்கும் மணி என்றால் கழுத்தில் போடுவது மட்டுமல்ல; நெல்மணி, குன்றிமணி, கண்மணி எல்லாம் மணிதான்.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. பினாங்கு ஞோஞ்ஞா பெண்கள் தைத்த மணிக்காலணிக்கும் ஐரோப்பாவிலிருந்துதான் மணி வந்தது. அதை ஞோஞ்ஞா மரபு என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. மணி எங்கே செய்தது என்பது அல்ல, அதைக் கோத்த கை எதைச் சொல்லிற்று என்பதுதான் கணக்கு. அப்படியானால் லயத்து வாசலில் கோத்த கிளிக்கும் நிலைமாலைக்கும் மட்டும் ஏன் வேறு நியாயம்?

மேளம் நடுவில் இருக்கும் திடல்

ஓஜிப்வே மணிவேலை இன்றும் உயிரோடு இருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் 'பவ்வாவ்' என்னும் கூடுகை. திடலில் பெரிய மேளம். அதைச் சுற்றி உட்கார்ந்து பலர் ஒன்றாக அடித்துப் பாடுவார்கள். மூத்தோரும் கொடி ஏந்தியவர்களும் முன்னால் வர, ஆட்டக்காரர்கள் வரிசையாக உள்ளே நுழைவார்கள். நகரத்தில் வேலை பார்ப்பவர்களும் இதற்காக ஊர் திரும்புவார்கள். ஆட்டத்துக்கு உடை வேண்டும். உடைக்கு மணிவேலை வேண்டும். குழந்தை வளர்ந்தால் புது உடை, அதற்குப் புது வேலை. அதனால் ஊசி ஓயாது.

அங்கே பெண்கள் ஆடும் ஒரு வகை ஆட்டத்தில், உடை முழுக்கச் சிறு உலோகக் கூம்புகள் தொங்கும். அசையும்போது மழை போலச் சலசலக்கும். 1918இல் உலகைத் தாக்கிய விஷக் காய்ச்சல் காலத்தில், நோயில் கிடந்த ஒரு சிறுமிக்காக அவள் தந்தை கண்ட கனவில் இந்த உடையும் ஆட்டமும் வந்ததாக ஓஜிப்வே மக்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மாரியம்மனுக்குத் தீச்சட்டி வேண்டிக்கொண்ட தோட்டத்துத் தாய்க்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அவர்களின் வழி சுலபமாக இருக்கவில்லை. 1883இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகள் பூர்வகுடிச் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கின. கனடாவிலும் சடங்குகளைத் தடை செய்த சட்டப்பிரிவு 1951இல்தான் நீங்கியது. பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்த் தாய்மொழியை மறக்கடித்தார்கள். அத்தனையும் தாண்டி மணியும் மேளமும் நின்றிருக்கின்றன.

நம்மிடம் மிஞ்சியிருப்பது

நம் திருவிழாவை யாரும் தடை செய்யவில்லை. நமக்கு நேர்ந்தது வேறு. கித்தா போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்கும், பினாங்கு, கிள்ளான் தொழிற்சாலைகளுக்கும் கலைந்தார்கள். பிற்பகலில் கூடி உட்கார வாசல் இல்லை. கோத்த கைகள் ஆளுக்கொரு தாமானில் தனியாகிவிட்டன.

கலைந்தது மக்கள் மட்டுமல்ல. பீடோங் வட்டாரத்தில் சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்டது 2013 இறுதியில் வெளியே தெரிந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது. அதே சுங்கை பத்துப் பகுதியில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் அகழாய்வு செய்து பழைய இரும்பு உருக்காலைகளை வெளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் தோண்டி எடுக்கிறோம், மறுபக்கம் இடித்துப் போடுகிறோம். கல்லால் கட்டியதற்கே இந்தக் கதி என்றால், தங்கூசி நரம்பில் கோத்ததை யார் காப்பாற்றுவார்கள்?

ஆனாலும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. தோட்டம் போனாலும் பல இடங்களில் கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவும் நடக்கிறது. எங்கெங்கோ போனவர்கள் கார் பிடித்து வருகிறார்கள். செம்பனைக்கு நடுவே பந்தல் எழும்புகிறது. உறுமி அடிக்கிறது. 'நீ யாரு மகன்?' என்று கேட்டு அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதுதான் நம்முடைய பவ்வாவ். குறை என்னவென்றால், தோரணம் இப்போது கடையில் கட்டாக வாங்கியது. காவடி அலங்காரம் வாடகைக்கு வந்தது. காசு கொடுக்கிறோம், கை கொடுப்பதில்லை.

வானொலி வேலையில் வீட்டுப் பெண்களோடு பேசும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கும். கைவேலை பற்றிப் பேச்செடுத்தால் அறுபது வயது தாண்டிய அம்மாமார்களின் குரலே மாறிவிடும். கிளி கோக்க எத்தனை மணி, வாலுக்கு எத்தனை என்று ஒப்பிப்பார்கள். யாருக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா அம்மா என்று கேட்டால், "யாருப்பா கேட்டா?" என்பார்கள்.

கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது. வரும் திருவிழாவில், அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரிக்கலாம். நான்கு பொட்டலம் மணி, ஒரு சுருள் தங்கூசி, கோக்கத் தெரிந்த இரண்டு பாட்டிமார்கள் போதும். பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்காருவார்கள். அவர்கள் கோத்த சரம் கோணலாக இருந்தாலும் அந்த ஆண்டு அம்மன் நிலையில் அதைத்தான் கட்ட வேண்டும். கோயில் நிர்வாகத்தினர் உபயப் பட்டியலில் பால், பூ, பழத்தோடு 'மணி உபயம்' என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மெர்போக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, சண்டிப் படியில் நிற்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை மணிகளுக்குக் கொடுக்கலாம். இதைச் செய்யும் முறை நம் ஊர்ப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தது என்று சொல்லலாம்.

கோக்கத் தெரிந்த பாட்டிமார்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கண் மங்குகிறது, விரலில் நடுக்கம் வந்துவிட்டது. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.