ஊரில் தூறல் இல்லை... ஓடையில் வெள்ளம்! கோடை மாலையின் குளிர்காற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

கோடைக்காலத்தில் ஒரு மாலை. பகல் முழுக்க அனலாய்க் கொதித்த காடு, நான்கு மணிக்கு மேல் சட்டென்று குளிர்கிறது. மேற்கே மலை கறுத்துக் கிடக்கிறது. தூரத்தில் இடி உருள்கிறது. ஊருக்குள் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. 'மழை மலையோட போயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டே, அக்கரையில் மேயும் ஆடுகளை ஓட்டிவர ஒருவர் வறண்ட ஓடைக்குள் இறங்குகிறார். மலையடிவாரக் கிராமங்களில் ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

குளிர்காற்று சொல்லும் சேதி

இடிமேகத்திலிருந்து மழை இறங்கும்போது அதில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனமாகி, வேகமாகக் கீழே இறங்குகிறது. தரையில் மோதியதும் நாலாபக்கமும் பரவி, மழை பெய்யாத ஊர்களுக்கும் போய்ச் சேர்கிறது. எனவே, இடிச்சத்தத்தோடு மலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று வந்தால், மழை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடைக்கு நீர் வரும் மேட்டுப் பகுதியில் அது கொட்டிக்கொண்டிருக்கலாம்.

'மிதமான' மழையும் வெள்ளம் தரும்

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். ஓர் ஓடைக்கு 2 சதுர கிலோமீட்டர் சரிவிலிருந்து நீர் வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கே 50 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 கோடி லிட்டர். பாதி மண்ணுக்குள் இறங்கினாலும், மீதி 5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகளில் நிரப்பினால் 4,000 லாரிகளுக்கு மேல் வரும்.

வானிலைத் துறைக் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால்தான் அது கனமழை. 50 மி.மீ. என்பது 'மிதமான மழை'தான். அந்த மழை நாள் முழுக்க நின்று பெய்தால் பெரும்பகுதி மண்ணில் ஊறிவிடும். ஒரே மணி நேரத்தில் கொட்டினால், காய்ந்து இறுகிய மண்ணால் அந்த வேகத்துக்கு உறிஞ்ச முடியாது. பாறைச் சரிவில் விழுந்தது அப்படியே ஓடைக்கு வந்துவிடும். கோடை மழை பெரும்பாலும் இந்த வகைதான். பக்கத்து ஊரில் புழுதி பறக்க, ஓர் ஊரில் மட்டும் கொட்டித் தீர்க்கும்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் நடந்ததை மறந்துவிட முடியாது. மலையில் பெய்த மழையால் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தெளிந்து ஓடிய நீர் திடீரெனச் செந்நிறமாகக் கலங்குவது, சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வருவது, மேட்டுப் பக்கம் லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்பது... இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே கரையேற வேண்டும். ஓடை வழியாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். இரண்டு அடித் தண்ணீர் காரையே இழுத்துப் போய்விடும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், பைக்கைத் தள்ளிக்கொண்டு போவதும் ஆபத்துதான். கலங்கல் நீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

கோடை முடியும்வரை ஆயில் இன்ஜின், ஹோஸ் பைப் போன்றவற்றை மாலையிலேயே கரைக்கு மேல் ஏற்றிவிடுவது நல்லது. ஆற்று மணலில் கிடை போடுவதையும், படுத்து உறங்குவதையும் தவிர்க்க வேண்டும். மேட்டூர்க்காரர் ஒருவரின் போன் நம்பரைக் கீழூர்க்காரர்கள் வைத்திருந்தால், 'இங்கே கொட்டுது' என்ற ஒரு வார்த்தை போதும், ஊரே உஷாராகிவிடும்.

மழை வரமாக...

கோடை மழை வேண்டாத விருந்தாளி அல்ல. 'கோடை உழவு கோடி நன்மை' என்பது சும்மா சொன்னதல்ல. சரிவுக்குக் குறுக்கே உழுத நிலத்தில், ஓடிப்போகும் நீர் சாலில் நின்று மண்ணுக்குள் இறங்கும். வரப்பைக் கோடைக்கு முன்பே பலப்படுத்தினால் மேல்மண்ணும் தப்பும். ஓடைக்குப் போகும் வேகமும் அந்த அளவுக்குக் குறையும்.

சிறிய ஓடையில் வெள்ளம் ஏறுவதும் வேகம், பெரும்பாலும் இறங்குவதும் வேகம். சில மணி நேரம் பொறுத்தால் தண்ணீர் வடிந்துவிடும். அக்கரையில் நிற்கும் ஆட்டுக்கு மேடு தெரியும்; அது ஏறி நின்றுகொள்ளும். வீட்டுக்காரர் இக்கரையிலேயே காத்திருக்கலாம்.

பெட்டிச் செய்தி: வீட்டிலேயே மழைமானி

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, அடிப்பாகம் தட்டையான டப்பாவை மரம், கூரை மறைக்காத வெட்டவெளியில் வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால், அந்த மில்லிமீட்டர்தான் மழையளவு. அதோடு மழை பெய்த நேரத்தையும் எழுதி வைத்தால், எவ்வளவு மழைக்கு எத்தனை நிமிடத்தில் ஓடை வருகிறது என்பது ஓரிரு கோடையில் பிடிபடும். வெள்ள அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்: 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண்: 1070.