தண்டுவடக் காயத்தில் மரபணுச் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும்: ஆய்க்குடியை முன்வைத்து

தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்திற்கு அணித்தேயுள்ள ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்கி வருகிறது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்த காலத்தில், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துத் தண்டுவடம் சிதைந்து இயக்கம் இழந்தவர். தமக்கு மருத்துவம் செய்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சங்கத்திற்கு இட்டார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் காயமுற்ற காலத்தில், அறுந்த தண்டுவட நரம்பு மீள வளராது என்பதே மருத்துவ உலகின் பொதுவான முடிபு. அம்முடிபு இன்று எந்த அளவிற்குத் தளர்ந்துள்ளது என்பதையும், அத்தளர்வில் பயிற்சிக்குரிய இடம் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

காயம் பட்ட இடத்தில் உடல் வடுத்திசுவை உருவாக்குகிறது. அழற்சி பரவாமல் காக்கும் அதே வடு, காண்ட்ராய்ட்டின் சல்பேட்டு கொண்ட புரதங்களைச் செறித்து, ஆக்சான் எனப்படும் நரம்பிழைகளின் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்கிறது. காண்ட்ராய்ட்டினேஸ் ஏபிசி என்னும் பாக்டீரிய நொதி இத்தடையைச் சிதைக்கும். அந்நொதியைச் செலுத்திய எலிகளில் நரம்பிழைகள் வளர்ந்ததையும் இயக்கம் ஓரளவு மீண்டதையும் எலிசபெத் பிராட்பரி குழுவினர் 2002இல் வெளியிட்டனர். எனினும் உடல் வெப்பநிலையில் நொதியின் வீரியம் சில நாள்களிலேயே குன்றிவிடுகிறது. மீண்டும் மீண்டும் தண்டுவடத்தில் ஊசி செலுத்துவதோ எளிதன்று. ஆகவே, நொதியை ஆக்கும் மரபணுவையே வீரியம் நீக்கிய வைரஸ் வழியாக உயிரணுக்களுக்குள் சேர்க்கும் முறை எழுந்தது. 2018இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், டாக்சிசைக்ளின் என்னும் பழகிய மருந்தைக் கொடுத்தால் அம்மரபணு இயங்கவும், நிறுத்தினால் அடங்கவும் வகை செய்தனர். மரபணு நெடுநாள் இயங்கிய எலிகளிலேயே முன்னங்காலால் உணவைப் பற்றியெடுக்கும் நுண்திறன் மீண்டது.

தடை நீங்கினால் இழை வளரும். ஆனால் எங்கே சென்று இணையும்? இவ்வினாவே இத்துறையின் உயிர்நாடி எனலாம். தவறான இணைப்புகள் வலியையும் தசை இறுக்கத்தையும் மிகுவிக்கக்கூடும். 2009இல் கார்சியா-அலியாஸ், ஃபாசெட் முதலியோர் செய்த சோதனை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. (அதில் மரபணு அன்று, நொதியே நேரடியாகச் செலுத்தப்பட்டது, விளைவின் தருக்கம் இரண்டிற்கும் பொருந்தும்.) நொதி பெற்ற எலிகளுள் ஒரு பிரிவிற்கு விதைகளை எட்டியெடுக்கும் பயிற்சியும், மற்றொரு பிரிவிற்கு ஓடியாடும் பொதுப் பயிற்சியும் தரப்பட்டன. முதற்பிரிவின் பற்றும் திறன் வெகுவாக மேம்பட்டது. இரண்டாம் பிரிவில் ஏணிக் கம்பிகளின்மீது நடக்கும் திறன் உயர்ந்தது; பற்றும் திறனோ, பயிற்சியே பெறாத எலிகளினும் தாழ்ந்தது. புதிய இணைப்புகளுக்காகத் திறன்கள் தம்முள் போட்டியிடுகின்றன என்றே இதனைக் கொள்ள வேண்டும். எனவே பயிற்சி என்பது சிகிச்சைக்குப் பின் வரும் துணைப்பணி அன்று. மருந்து எதைச் செய்யவேண்டும் என்பதை வரையறுப்பதே அதுதான்.

அவ்வாறாயின், எத்திறனை முதலில் பயிற்றுவது என்பதை யார் முடிவு செய்வது? 2004இல் கிம் ஆண்டர்சன் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கெடுப்பில், கைகால் நான்கும் செயலிழந்தோர் முதன்மையாக வேண்டியது கை இயக்கத்தை, நடப்பதை அன்று. தாமே உண்ணவும், சக்கர நாற்காலியைத் தாமே செலுத்தவும் கை மீள்வதே அவர்களுக்கு வாழ்வு. நடப்பதையே மீட்சியின் அடையாளமாகக் காட்டும் செய்தித்தாள் படங்கள் இவ்விருப்பத்தை மறைத்துவிடுகின்றன.

இவ்விரு துறைகளும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. விபத்தில் தண்டுவடம் சிதைந்து, சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. அதே கல்லூரியினர் ஹீமோஃபிலியா ஏ நோயாளர் ஐவருக்கு அளித்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. குருதி நோயில் கைவந்தது தண்டுவடத்திலும் உடனே கைகூடும் எனக் கருதலாகாது. மேற்குறித்த தண்டுவடச் சோதனைகள் யாவும் எலிகளில் நிகழ்ந்தவையே. காண்ட்ராய்ட்டினேஸ் மரபணுச் சிகிச்சை மருத்துவமனை வழக்கிற்கு வரவில்லை. இந்நிலையில் "மரபணு", "ஸ்டெம் செல்" என்னும் பெயர்களைச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் விளம்பரங்களை நம்பிக் குடும்பங்கள் நிலத்தை விற்பது வருந்தத்தக்கது.

அச்சிகிச்சை வரும் நாளில் அதனை ஏற்கும் நிலையில் உடல் இருக்க வேண்டும். மூட்டுகள் மடங்கி இறுகிய கையில் நரம்பு துளிர்த்தும் விரல் விரியாது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரையே குடிக்கக்கூடியவை. பனையிலிருந்து விழுந்த தொழிலாளி அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியபின், மூட்டுகளை நாள்தோறும் அசைத்துக் கொடுக்கவும், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாளவும் வீட்டாருக்குக் கற்பிப்பவர் அருகில் வேண்டும். மனிதர்களிடம் சோதனை தொடங்கும்போது மரபணுவின் அளவோடு, எந்தச் செயலில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், காயத்திற்குப்பின் எத்தனையாவது வாரத்திலிருந்து பயிற்சி தரப்பட்டது என்பதும் ஆய்வுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அதனை வரையறுக்கும் குழுவில் இயன்முறை மருத்துவரும், சக்கர நாற்காலியில் பல்லாண்டு வாழ்ந்தவரும் இடம்பெறுவது இன்றியமையாதது.